ஈ மறந்த பெயர்: பாலர் பள்ளித் தமிழ்ப் புத்தகங்களும் தொடக்க எழுத்தறிவும்

முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குழந்தைகள் புத்தகத்தின் வழியாகத் தமிழ் எழுத்தை முதலில் சந்திப்பது பெரும்பாலும் நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பருவத்திலாகும். அதே பருவத்தில்தான் அவர்கள் உரோமன் எழுத்துகளையும் சந்திக்கின்றனர். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளை ஒட்டிய பாலர் வகுப்புகளில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கப்படுகின்றன. சிங்கப்பூரில் ஆங்கிலமே பாலர் கல்வியின் முதன்மை மொழியாகவும் தமிழ் தாய்மொழிப் பாடமாகவும் அமைகின்றன. ஆகவே இங்குள்ள குழந்தை ஒரே மேசையில் இரண்டு மூன்று மொழிப் புத்தகங்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் நிலையில் உள்ளது. அந்த ஒப்பீட்டைக் குழந்தை சொல்லால் வெளிப்படுத்துவதில்லை. எந்தப் புத்தகத்தை மறுபடியும் எடுக்கிறது என்பதால் வெளிப்படுத்துகிறது.

பாலர் கல்வி பற்றிய நம் கருத்தரங்கக் கட்டுரைகள் பெரும்பாலும் கற்பித்தல் முறை, துணைக்கருவி, கணினிப் பயன்பாடு ஆகியவற்றைப் பற்றியே பேசி வந்துள்ளன. குழந்தையின் கையில் கொடுக்கப்படும் புத்தகத்தை ஓர் இலக்கியப் பனுவலாக எடுத்துக்கொண்டு அதன் மொழியையும் அமைப்பையும் திறனாய்வு செய்யும் வழக்கம் நம்மிடையே குறைவு. நாவலுக்கும் புதுக்கவிதைக்கும் நாம் செய்யும் மரியாதையைப் பதினாறு பக்கப் படக்கதைக்குச் செய்வதில்லை. பாலர் பள்ளியில் வழங்கும் தமிழ்ப் புத்தக வகைகளை அத்தகைய திறனாய்வுக்கு உட்படுத்தி, தொடக்க எழுத்தறிவுக்கு அவை எந்த அளவு துணைபுரிகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தறிவு தொடங்கும் இடம்

எழுத்தறிவு என்பது எழுத்துகளை வரிசையாகக் கற்ற பின்னரே தொடங்குவது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. நியூசிலாந்து அறிஞர் மேரி கிளே 1966இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இக்கருத்தை மறுத்தார். ஓர் எழுத்தைக்கூட வாசிக்கத் தெரியாத குழந்தையும் புத்தகத்தைப் பற்றிப் பலவற்றை அறிந்திருக்கிறது. அட்டை எது, எந்தப் பக்கத்தில் தொடங்குவது, கதையைச் சொல்வது படமா எழுத்தா, வரி எந்தத் திசையில் செல்கிறது என்பனவெல்லாம் அவ்வறிவில் அடங்கும். 1972இல் அவர் வெளியிட்ட சோதனைப் புத்தகத்தில் சில படங்களும் வரிகளும் வேண்டுமென்றே தலைகீழாக அச்சிடப்பட்டிருந்தன. குழந்தை அதைக் கவனிக்கிறதா என்பதே சோதனை. இவ்வாறு புத்தகத்தோடு பழகப் பழக அரும்பிவரும் அறிவை முகிழ் எழுத்தறிவு எனத் தமிழில் குறிக்கலாம்.

அதே நாட்டைச் சேர்ந்த டான் ஹோல்டவே 1979இல் வெளியிட்ட நூலில், மடியில் அமர்த்திக் கதை வாசிக்கும் வீட்டுச் சூழலை வகுப்பறைக்குள் கொண்டுவரும் வழியை விளக்கினார். எல்லாக் குழந்தைகளும் பார்க்கும் அளவில் பெரிதாக அச்சிட்ட புத்தகத்தை வைத்து, ஆசிரியர் வரிகளைச் சுட்டிக்காட்டி வாசிக்க, குழந்தைகள் சேர்ந்து சொல்லுவர். சிங்கப்பூரில் 1985இல் தொடக்கப்பள்ளிகளின் கீழ்வகுப்புகளுக்கு அறிமுகமான ஆங்கில வாசிப்புத் திட்டம் இம்முறையைத் தழுவியதேயாகும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டு ஆங்கில வகுப்பறைகளில் பழகிப்போன இம்முறையைத் தமிழ் வகுப்பறையில் பின்பற்ற முனையும் ஆசிரியர் முதலில் எதிர்கொள்ளும் வினா, வாசிப்பதற்கு எந்தப் புத்தகம் இருக்கிறது என்பதுதான்.

இவ்வினா இன்று முன்னைவிட அவசரமானது. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2000இல் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர். 2010இல் 37 விழுக்காட்டினர். 2020இல் 28 விழுக்காட்டினர். இந்தியர் என்னும் பிரிவில் பிறமொழியினரும் அடங்குவர் என்பதை மனங்கொண்டாலும் சரிவின் திசை ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் நிலைமை வேறுபட்டது. எனினும் பள்ளிக்கு வெளியே தமிழ்ப் புத்தகம் இல்லாத வீடுகள் அங்கும் உண்டு. வீட்டில் தமிழ் ஒலி குறையும்போது, குழந்தைக்குத் தமிழ் வாய்க்கும் இடங்களுள் ஒன்றாகப் புத்தகம் மாறுகிறது. அந்தப் பொறுப்பை ஏற்கும் தகுதி நம் புத்தகங்களுக்கு உண்டா என்பதே இங்குள்ள கேள்வி.

அரிச்சுவடி நூல்களின் அமைப்பு

பாலர்க்கென விற்கப்படும் தமிழ் நூல்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுபவை அரிச்சுவடி நூல்களே. அகரத்தில் தொடங்கி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படம், ஒரு சொல் என்பது அவற்றின் மாறாத வடிவம். அணில், ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல், எலி, ஏணி, ஐந்து, ஒட்டகம், ஓடம், ஔவையார் எனச் செல்லும் வரிசை தலைமுறை தலைமுறையாக நமக்கு மனப்பாடம்.

கோலாலம்பூர் அடுக்ககத்தில் வளரும் குழந்தை உரலைக் கண்டதில்லை என்பது இந்நூல்களின்மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை. இது பெரிய குறையன்று. காணாத பொருளைக் காட்டுவதும் புத்தகத்தின் வேலைதான். ஒட்டகத்தை நேரில் காணாமலே எத்தனையோ தலைமுறை அச்சொல்லைக் கற்றுள்ளது. உண்மையான குறைகள் வேறு மூன்று.

முதலாவது, எழுத்துகளின் பயன்பாட்டு அளவு. தமிழில் தனித்த உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே எழுதப்படும். சொல்லின் இடையிலும் இறுதியிலும் உயிர் குறியாக மாறி மெய்யோடு சேர்ந்துவிடும். 'யானை குளத்தில் குளித்தது' என்னும் எளிய தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் உள்ள 12 எழுத்துகளுள் தனித்த உயிர் ஒன்றுகூட இல்லை. புள்ளி எழுத்து மூன்று. எஞ்சிய ஒன்பதும் உயிர்மெய். அரிச்சுவடி முழுவதையும் பிழையின்றிச் சொல்லும் குழந்தை, இத்தொடரின் முன் நிற்கும்போது தான் கற்றவற்றுள் எதையும் காண்பதில்லை. அதிக உழைப்பைச் செலவிட்டுக் கற்கும் 12 எழுத்துகள் ஓடும் தொடரில் குறைவாகவே வருகின்றன. ஓடும் தொடரைத் தாங்கும் உயிர்மெய்க் குறிகளோ நூலின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் நெருக்கி அச்சிடப்பட்டுள்ளன.

இரண்டாவது, மொழிமுதல் எழுத்துச் சிக்கல். தொல்காப்பியர் கணக்கின்படி உயிரோடு கூடிச் சொல்லுக்கு முதலாகும் மெய்கள் ஒன்பதே. எனவே 'எழுத்து, அதில் தொடங்கும் சொல்' என்னும் வாய்பாடு மெய்களுள் பாதிக்குப் பொருந்துவதில்லை. ங, ண, ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு வரும்போது நூலாசிரியர் சங்கு, கண், வாழை, பள்ளி என எழுத்தை இடையிலோ கடையிலோ கொண்ட சொல்லுக்குத் தாவுகிறார். விதி மாறியதைக் குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. ஆங்கில அகரவரிசை நூல்களின் வாய்பாட்டை நம் எழுத்தமைப்பைக் கருதாமல் ஏற்றதன் விளைவு இது எனலாம்.

மூன்றாவது குறை மற்ற இரண்டையும்விடப் பெரியது. அரிச்சுவடியில் எந்தச் சொல்லும் மற்றொரு சொல்லோடு பேசுவதில்லை. அணிலுக்கும் ஆட்டுக்கும் உறவு இல்லை. பக்கத்தைத் திருப்ப அகரவரிசையைத் தவிர வேறு காரணமும் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்னும் ஆவலே வாசிப்பைச் செலுத்தும் விசை என்றால், அவ்விசை இல்லாத ஒரு நூலை முதல் புத்தகமாகக் கொடுக்கிறோம்.

எழுத்துகளை முறையாகக் கற்பித்தல் தேவையில்லை என்பது இதன் பொருளன்று. 247 எழுத்துகள் கொண்ட முறைமையில் முறையான பயிற்சி இன்றியமையாதது. தமிழைப் போலவே உயிர்மெய் முறையில் அமைந்த கன்னட எழுத்தைக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, இவ்வகை எழுத்துகளைக் கற்றுமுடிக்கத் தொடக்கப்பள்ளியின் முதல் ஆண்டுகள் மட்டும் போதாமல் அதற்கு மேலும் காலம் செல்கிறது என்று காட்டியது. கற்றல் இத்தனை ஆண்டுகள் நீளுமாயின், கற்றுமுடித்த பின்னரே கதை என்னும் வரிசை பொருந்தாது. குழந்தை அதுவரை காத்திருக்கப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளும்.

நீதியின் சுமை

அரிச்சுவடிக்கு அடுத்து மிகுதியாகக் கிடைப்பவை நீதிக்கதைகள். தமிழ்க் கல்வி மரபில் நீதிக்கு உள்ள இடம் பெரிது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எழுத்துப் பயிற்சியையும் ஒழுக்கப் பயிற்சியையும் ஒருங்கே தந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் அந்நோக்கத்தை அச்சு நூலுக்குக் கொண்டுவந்தன. இம்மரபு குறைவானதன்று. ஆனால் அந்நூல்கள் ஆசிரியர் வாய்வழி விளக்க, மாணவர் மனனம் செய்ய எழுந்தவை. ஐந்து வயதுக் குழந்தை படம் பார்த்துக்கொண்டே கேட்கும் கதைக்கு அவ்வடிவத்தை அப்படியே பொருத்துவதில் சிக்கல் உண்டு.

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்வோம். காக்கை வடையைத் திருடுகிறது. நரி காக்கையைப் பாடச் சொல்லி வடையைப் பெறுகிறது. புகழ்ச்சிக்கு மயங்காதே என்னும் நீதியோடு நூல் முடிகிறது. குழந்தையின் மனமோ வடையை இழந்த பாட்டியிடம் நிற்கிறது. நரி செய்தது சரியா, காக்கை எடுத்தது சரியா என்பவை அதன் கேள்விகள். கதையில் திறந்திருக்கும் இக்கதவுகள் அனைத்தையும் கடைசிப் பக்கத்து ஒரு வரி மூடிவிடுகிறது. காக்கை வடையைக் காலடியில் வைத்துவிட்டுப் பாடியதாக மக்களிடையே வழங்கும் மறுவடிவம், கதையை மீண்டும் திறக்கும் முயற்சியே. வாய்மொழி மரபு தன் கதையைத் தானே திருத்திக்கொள்ளும் துணிவு உடையது. அச்சு நூல்களுக்கு அத்துணிவு வரவில்லை.

எழுத்தறிவு நோக்கிலும் இது முக்கியமானது. 1988இல் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, பெரியவர் வாசித்துக் குழந்தை கேட்பதோடு நில்லாமல், திறந்த வினாக்களால் குழந்தையையே கதைசொல்லியாக்கும் உரையாடல்வழி வாசிப்பு மொழிவளர்ச்சியை விரைவுபடுத்துகிறது என்று காட்டியது. 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்ற வினாவுக்கு ஒரே விடைதான் உண்டு. அதுவும் நூலிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அவ்வினாவால் குழந்தையிடமிருந்து புதிய தொடர் ஒன்றும் பிறப்பதில்லை. 'பாட்டி இப்போது என்ன செய்வார்?' என்ற வினாவுக்கோ இருபது குழந்தைகள் இருபது விடை சொல்வர். நீதியை ஒழிக்க வேண்டியதில்லை. அதைக் கண்டடையும் வேலையைக் குழந்தைக்கு விட்டுவைத்தால் போதும்.

ஈ தன் பெயரை மறந்த கதை

நம்மிடம் மாற்று இல்லையா என்றால், உண்டு. அது நம் வாய்மொழி மரபிலேயே இருக்கிறது. வீட்டை மெழுகும்போது தன் பெயரை மறந்துவிட்ட ஈயின் கதையைத் தமிழாசிரியர் பலரும் அறிவர். ஈ கன்றிடம் கேட்கிறது, கன்றின் தாயிடம் கேட்கிறது, மாட்டை மேய்க்கும் ஆயனிடம் கேட்கிறது. இவ்வாறு கோல், மரம், கொக்கு, குளம், மீன், வலையன், சட்டி, குயவன், மண், புல் எனச் சென்று இறுதியில் குதிரையிடம் வருகிறது. குதிரை கனைக்கிறது, அந்தக் கனைப்பில் ஈ தன் பெயரைக் கேட்டுக்கொள்கிறது. ஊருக்கு ஊர் வரிசை சற்று மாறினும் அமைப்பு மாறுவதில்லை.

இக்கதை சங்கிலிக்கதை என்னும் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் பழைய வரிசை முழுவதும் திரும்ப வந்து, இறுதியில் ஒரு கண்ணி கூடுகிறது. குழந்தை மூன்றாம் சுற்றிலேயே ஆசிரியரை முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கும். சேர்ந்து வாசித்தல் முறைக்கு வேண்டிய மறுநிகழ்வும் முன்கணிப்பும் இதில் இயல்பாகவே அமைந்துள்ளன. உலகின் சிறந்த பாலர் படக்கதைகள் பல இதே அமைப்பைத்தான் கையாள்கின்றன.

மொழியமைப்பு நோக்கில் பார்த்தால் இதன் அருமை மேலும் விளங்கும். கன்றின் தாய், தாயை மேய்க்கும் ஆயன், மீனைப் பிடிக்கும் வலையன், புல்லைத் தின்னும் குதிரை எனக் கண்ணிகள் வேற்றுமை உருபாலும் பெயரெச்சத்தாலும் பிணைக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொடரமைப்பின் அடிப்படையான இவ்விரண்டையும் விளக்கமின்றியே குழந்தையின் நாவில் ஏற்றும் பயிற்சி இது.

எழுத்து நோக்கிலும் கணக்கிடலாம். மேலே கூறிய வரிசையில் கன்று, தாய், ஆயன், கோல், மரம், கொக்கு, குளம், மீன், வலையன், சட்டி, குயவன், மண், புல், குதிரை எனப் 14 பெயர்கள் உள்ளன. குதிரை தவிர்த்த 13 பெயர்களிலும் ஒரு புள்ளி எழுத்து வருகிறது. 14இல் ஆறு பெயர்கள் ககர வரிசையில் தொடங்குகின்றன. க, கு, கொ, கோ என ஒரே மெய் உயிர்க்குறி மாற மாற ஒலி மாறுவதைக் காதும் கண்ணும் சேர்ந்து உணர இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. அகரம் நீங்கலான உயிர்க்குறிகள் பதினொன்றனுள் ஏழு இப்பெயர்களிலேயே இடம்பெற்றுவிடுகின்றன. கொக்கிலும் கோலிலும் ககரத்தை இருபுறமும் அணைத்து நிற்கும் குறி உண்டு. ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் வேறுபடும் இவ்விடம், உரோமன் எழுத்தையும் உடன் கற்கும் நம் குழந்தைகளுக்குத் தனியே காட்டப்பட வேண்டிய ஒன்றாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கதையின் முடிச்சே ஓர் எழுத்துதான். ஈ என்பது ஓரெழுத்து ஒருமொழி. தேடப்படும் விடை ஓர் ஒலி. அவ்வொலியே ஒரு சொல். அச்சொல்லே ஓர் எழுத்து. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை அறிவதே எழுத்தறிவின் வாயில் என்று மொழியியலார் கூறுகின்றனர். நம் முன்னோர் அவ்வுறவை ஒரு நகைச்சுவையாக்கிக் குழந்தையிடம் கொடுத்துள்ளனர். அரிச்சுவடியின் நான்காம் பக்கத்தில் ஈயின் படத்தோடு நிற்கும் எழுத்தையும், பதினான்கு பேரைக் கேட்டலைந்து கண்டடையப்படும் எழுத்தையும் ஒப்பிட்டால், குழந்தை எதை மறக்காது என்பது வெளிப்படை.

இரு தமிழும் ஒரு பக்கமும்

பாலர் நூல் எழுதுவோர் எதிர்கொள்ளும் கடினமான சிக்கல் தமிழின் இரட்டை வழக்காகும். குழந்தை கேட்டு வளர்வது பேச்சுத்தமிழ். பக்கத்தில் காண்பது எழுத்துத்தமிழ். வீட்டில் 'ஓடிட்டான்' என்று கேட்ட குழந்தைக்கு 'ஓடிவிட்டான்' ஏறக்குறைய ஒரு புதுச்சொல். வீட்டில் தமிழே குறைந்த குழந்தைக்கோ இரண்டுமே புதியவை. சிங்கப்பூரில் 2005இல் வெளிவந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை வாய்மொழிப் பயிற்சியை மாற்றியது. கதைப்புத்தகத்தின் மொழிக்கோ அதன் தாக்கம் போதிய அளவு வரவில்லை.

பெரியவர்க்கான நம் புனைகதை இச்சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. புதுமைப்பித்தன் காலம் முதலே எடுத்துரைப்பு எழுத்துத்தமிழிலும் உரையாடல் பேச்சுத்தமிழிலும் அமைவது பழகிய உத்தி. ஆனால் பாலர் நூலில் காக்கையும் முயலும் இன்றும் மேடைப்பேச்சுத் தமிழில் உரையாடுகின்றன. அதிகம் பேசும் பருவத்தினருக்கான நூலில் பேச்சே இல்லாமல் போவது முரணானது. பேச்சுவழக்கை அச்சிட்டால் குழந்தையின் எழுத்துத்தமிழ் கெடும் என்பர் சிலர். இவ்வச்சத்தை எளிதாகத் தள்ள முடியாது. எந்த வட்டாரப் பேச்சை அச்சிடுவது, எவ்வாறு எழுத்துக்கூட்டுவது என்பனவும் தீராத வினாக்கள். எனவே நடுவழி ஒன்றைச் சிந்திக்கலாம். எடுத்துரைப்பு எளிய எழுத்துத்தமிழில் இருக்கட்டும். விளி, வியப்பு, சிறு வினா விடை ஆகியவை பலர்க்கும் பொதுவான பேச்சு வடிவில் இருக்கட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகி நிற்பதில்லை. வினைமுற்றிலும் வேற்றுமை உருபிலும் விலகல் மிகுதி. ஒலிக்குறிப்புச் சொற்களிலும் இரட்டைக்கிளவியிலும் விலகல் இல்லை. சலசல, படபட, குடுகுடு என்பன வீட்டிலும் ஏட்டிலும் ஒன்றே. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியர் விதி கூறும் அளவுக்கு இவை தமிழின் தொன்மையான செல்வம். முதல் புத்தகங்களை இச்சொற்களால் நிரப்பினால், இரு தமிழும் சந்திக்கும் இடத்தில் குழந்தை எழுத்தைச் சந்திக்கும். அதே எழுத்து அடுத்தடுத்து வருவதால் வாசிப்பும் எளிதாகும்.

ஆசிரியர் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று. பக்கத்தில் 'மீன்' என்றிருக்க, குழந்தை 'மீனு' என்று வாசிப்பது உண்டு. புல் புல்லாகவும் மண் மண்ணாகவும் அச்சில் நிற்க, குழந்தையின் வாயில் அவை 'புல்லு', 'மண்ணு' ஆகின்றன. இதைப் பிழையென்று உடனே திருத்துவது வழக்கம். உண்மையில் அக்குழந்தை எழுத்தைக் கண்டு, சொல்லை அறிந்து, பொருளைத் தன் வீட்டுத் தமிழில் சொல்லியிருக்கிறது. வாசிப்பின் நோக்கம் நிறைவேறிவிட்டது. எழுத்துகளை ஒன்றொன்றாகக் கூட்டிச் சரியாக ஒலித்தும் பொருள் அறியாத குழந்தையைவிட இக்குழந்தை முன்னே நிற்கிறது. புள்ளியின் மதிப்பைப் பிறகு கற்பிக்கலாம். வாசிப்பின் மீதுள்ள நம்பிக்கையை இழந்தபின் மீட்பது எளிதன்று.

படமும் மொழிபெயர்ப்பும்

படக்கதையில் படம் எழுத்துக்கு அலங்காரமன்று. பேட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோசியின் நடை' என்னும் ஆங்கிலப் படக்கதை 32 சொற்களால் ஆனது. ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வீடு திரும்புவதை மட்டுமே அச்சொற்கள் கூறுகின்றன. படத்திலோ கோழியின் பின்னால் ஒரு நரி தொடர்ந்து பாய்ந்து ஒவ்வொரு முறையும் தோற்கிறது. நூல் முழுவதிலும் நரி என்னும் சொல்லே இல்லை. அச்சொல்லைக் குழந்தைதான் கூவுகிறது.

இரட்டை வழக்குச் சிக்கலுக்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. எழுத்து சொல்லாததைப் படம் காட்டும்போது, அவ்விடைவெளியைக் குழந்தை தன் பேச்சுத்தமிழால் நிரப்புகிறது. பேச்சுத்தமிழை அச்சிடாமலே புத்தகத்துக்குள் அழைக்கும் வழி இது. நம் நூல்களிலோ எழுத்து கூறுவதையே படமும் கூறுகிறது. குழந்தைக்குச் சொல்ல எஞ்சுவது ஒன்றுமில்லை.

கடந்த முப்பது ஆண்டுகளில் சென்னையில் தூலிகா, தாரா முதலிய பதிப்பகங்கள் படத்துக்கு உரிய மதிப்பளித்த நூல்களைக் கொண்டுவந்துள்ளன. 2004இல் தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் 'ஸ்டோரிவீவர்' தளத்தின் வழியாகத் தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கதைகளைத் திறந்த உரிமத்தில் வழங்கி வருகிறது. சிங்கப்பூரில் 2011இல் நிறுவப்பெற்ற லீ குவான் இயூ இருமொழிக் கல்வி நிதி பாலர் தாய்மொழி வளங்களுக்கு ஆதரவளிக்கிறது. ஆகவே புத்தகமே கிடைக்கவில்லை என்னும் முறையீடு முன்போல் வலுவுடையதன்று. தேர்வு செய்யும் திறனே இப்போதைய தேவை.

மொழிபெயர்ப்பு நூல்களைத் தேர்வதில் கருத வேண்டியவை சில. ஆங்கிலச் சுட்டிடைச்சொல்லின் நிழலாக ஒவ்வொரு பெயருக்கு முன்னும் 'ஒரு' வருகிறதா, மூலத்தில் எதுகையாய் நின்ற இடம் தமிழில் வெறும் செய்தியாய்ச் சுருங்கிவிட்டதா, ஆங்கில வரியின் கீழ் நீண்ட தமிழ்ச் சொற்கள் சிறிய எழுத்தில் திணிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். இருமொழிப் புத்தகத்தில் தமிழ் அடிக்குறிப்பின் தோற்றம் பெறுமானால், எது முதன்மை மொழி என்பதைக் குழந்தை அச்சமைப்பிலிருந்தே கற்றுக்கொள்ளும். வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்ப்பதே சிறந்த சோதனை. வாசிக்கும் ஆசிரியரின் நாக்கு இடறும் தொடரில் கேட்கும் குழந்தையின் மனமும் இடறும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் மலேசியா, சிங்கப்பூர் வரை பரவியதற்கு அவற்றின் ஓசையே காரணம் என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், பாலர்க்கான தமிழ்ப் புத்தகத்தை மதிப்பிட நான்கு அளவுகோல்களைப் பெறலாம். குழந்தை முன்கூட்டியே சொல்லும்படி தொடர்கள் மீண்டும் வருகின்றனவா. உயிர்மெய்க் குறிகளும் புள்ளி எழுத்துகளும் ஓடும் தொடரில் போதிய அளவு பயில்கின்றனவா. பேச்சும் எழுத்தும் சந்திக்கும் சொற்களும் உரையாடல்களும் உள்ளனவா. படம் குழந்தைக்குப் பேச இடம் விடுகிறதா என்பன அவை. அரிச்சுவடியும் நீதிக்கதையும் இவ்வளவுகோல்களில் பின்தங்குகின்றன. எழுதப்படாத காலத்திலிருந்து வரும் ஒரு சங்கிலிக்கதை இவற்றுள் பெரும்பாலானவற்றை நிறைவுசெய்கிறது.

மலேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் 2010இலும் 2017இலும் சீரமைக்கப்பட்டபோது விளையாட்டின்வழிக் கற்றல் வலியுறுத்தப்பட்டது. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வுக்கு ஆயத்தப்படுத்த வேண்டியிருப்பதால் கதைக்கு நேரமில்லை என்னும் காரணம் இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது. ஆசிரியர் பயிற்சியில் பாலர் இலக்கியத் திறனாய்வு ஒரு பகுதியாக அமைவதும், வாய்மொழிச் சங்கிலிக்கதைகளைத் தொகுத்து நல்ல ஓவியர் துணையோடு பெரும்புத்தகங்களாக்குவதும், இவ்விரு நாடுகளின் தமிழ்த்துறைகள் இணைந்து செய்யத்தக்க பணிகளாகும். பட்டப்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்து முதியோரிடமிருந்து ஒரு கதையைப் பதிவு செய்தால்கூடச் சில ஆண்டுகளில் ஒரு நூலகம் திரண்டுவிடும். அக்கதைகளை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.